எலியைத் தொடுவதற்கு முன் எழுதி வையுங்கள்
விலங்காய்வு முன்பதிவு: சந்தேகங்களும் விளக்கங்களும்

கந்தப்பளைப் பக்கம் கிளைபோசேட் என்ற பெயரைக் கேள்விப்படாதவர்கள் குறைவு. தேயிலை மலையில் புல்லுக்கு அடித்த மருந்து அது. 2015இல் இலங்கை அரசாங்கம் அதைத் தடை செய்தது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் திரும்ப அனுமதித்தது. இடையில் மலைகளில் புல் மண்டியது, கையால் புல் வெட்டும் வேலை கூடியது, தோட்டக் கம்பனிகள் முறையிட்டன. மறுபக்கத்தில், அந்த மருந்து புற்றுநோய் தரும், சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்ற அச்சம் இன்றைக்கும் தீரவில்லை. மருந்துத் தாங்கியை முதுகில் சுமந்து மலை மலையாக அடித்தவர்கள் அப்படி அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது.

இந்த மருந்து புற்றுநோய் தருமா என்று உலகம் முழுக்க நடந்த சண்டையில் பெரும்பகுதி எலிகளிலும் சுண்டெலிகளிலும் செய்த ஆய்வுகளைப் பற்றியது. அந்தச் சண்டையிலிருந்தே ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு சட்டமும் பிறந்தது. பீடைகொல்லி போன்றவற்றுக்கு அனுமதி கேட்க விரும்பும் நிறுவனம், அதற்கான ஆய்வைத் தொடங்குவதற்கு முன்பே அதைப் பதிவு செய்துவிட வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். விஞ்ஞானிகள் மத்தியில் "ஆய்வு முன்பதிவு" என்று பேசப்படும் ஏற்பாடு இது. இதைப் பற்றி வாசகர்களுக்கு எழக்கூடிய சந்தேகங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எங்கோ ஓர் ஆய்வுகூடத்தில் எலிக்கு மருந்து கொடுத்தால், கந்தப்பளையில் கரட் போடும் எனக்கு என்ன வந்தது?

கரட்டுக்கும் லீக்ஸுக்கும் அடிக்கிற மருந்துப் போத்தலில், அடித்து இத்தனை நாள் கழித்தே அறுவடை செய்ய வேண்டும் என்று ஒரு குறிப்பு இருக்கும். அந்த நாட்கணக்குக்குப் பின்னால் நிற்பது விலங்காய்வு. விலங்குகளுக்குத் தீனியோடு மருந்தைப் பல அளவுகளில் கலந்து மாதக்கணக்கில், சில ஆய்வுகளில் இரண்டு ஆண்டுகள் வரை கொடுப்பார்கள். எந்த அளவு வரை தீங்கு தென்படவில்லையோ அதை எடுத்து, வழக்கமாக 100ஆல் வகுப்பார்கள். விலங்கும் மனிதனும் வேறு என்பதற்காக ஒரு 10. மனிதர்களிலும் குழந்தை, கர்ப்பிணி, நோயாளி என்று உடல்வாகு வேறுபடுகிறது என்பதற்காக இன்னொரு 10. ஒருவர் வாழ்நாள் முழுவதும் தினமும் உட்கொண்டாலும் பாதகமில்லை என்று கொள்ளப்படும் அளவு இப்படித்தான் கிடைக்கிறது. மரக்கறியில் எவ்வளவு மருந்து எஞ்சியிருக்கலாம், எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்பவை அந்த அளவை மீறாதபடி தீர்மானிக்கப்படுகின்றன.

எலி ஆய்வில் பிழை இருந்தால் அந்தப் பிழை போத்தல் வரை வந்து சேரும். நம் நாட்டில் 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ்தான் இம்மருந்துகள் பதிவாகின்றன. கெட்டம்பேயில் இருக்கும் பதிவாளர் அலுவலகத்துக்கு வரும் நச்சியல் ஆவணங்களில் பெரும்பகுதி வெளிநாட்டு ஆய்வுகூடங்களில் செய்த வேலை. அங்கே ஆய்வு எப்படி நடந்தது என்பது நம் வீட்டுச் சமையலறையைத் தொடுகிற கேள்வி.

முன்பதிவில் அப்படி என்னதான் எழுதுகிறார்கள்?

எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறோம், எந்த விலங்கு, எத்தனை, ஏன் அந்த எண்ணிக்கை, ஆண் எத்தனை பெண் எத்தனை, எந்த விலங்கு எந்தத் தொகுதிக்குப் போகிறது என்பதை எழுமாறாகத் தீர்மானிப்பது எப்படி, அளப்பவருக்கு எந்தக் கூட்டில் மருந்து கொடுத்தது என்பது தெரியுமா தெரியாதா, எதை முதன்மையாக அளப்போம், எந்தக் கணக்கு முறையில் முடிவு காண்போம், எந்த விலங்கை எந்தக் காரணத்துக்காகக் கணக்கிலிருந்து நீக்குவோம், எப்போது நிறுத்துவோம். இவ்வளவையும் முதல் விலங்கைத் தொடுவதற்கு முன் எழுதி, திகதி இட்டு, பொதுவான பதிவேடு ஒன்றில் சேர்த்துவிட வேண்டும். பிறகு திட்டத்தை மாற்றத் தேவை வந்தால் மாற்றலாம். மாற்றியதும் திகதியோடு அங்கேயே தெரியும்.

விலங்காய்வுக்கென்று இரண்டு பதிவேடுகள் நன்கு அறியப்பட்டவை. ஒன்று 2018இல் நெதர்லாந்தில் தொடங்கியது. மற்றது 2019இல் ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் தொடங்கியது. இரண்டிலும் எந்த நாட்டு ஆய்வாளரும் கட்டணமில்லாமல் பதியலாம். கிளைபோசேட்டை ஐரோப்பிய ஒன்றியத்துக்காக மதிப்பிட்டுக் கொடுத்து, அதற்காகக் கடுமையான விமர்சனத்தையும் வாங்கியது இந்த ஜெர்மன் நிறுவனம்தான்.

விஞ்ஞானி நேர்மையானவர் என்றால் இந்தக் கட்டுப்பாடு எதற்கு? இது அவரைச் சந்தேகிப்பது ஆகாதா?

இதுதான் அடிக்கடி எழுகிற சந்தேகம். விளக்கமும் கொஞ்சம் நீளும்.

கொழுந்து நிறுக்கும் இடத்தை எடுத்துக்கொள்வோம். ஈரத்துக்கும் சாக்குக்கும் எத்தனை கிலோ கழிவு என்பது நிறுப்பதற்கு முன்பே பேசி முடிந்திருக்க வேண்டும். தராசு முள்ளைப் பார்த்த பிறகு கழிவைத் தீர்மானித்தால், தீர்மானிப்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் கொழுந்தெடுத்தவருக்கு அதில் நம்பிக்கை வராது. வரவும் கூடாது. ஆய்விலும் முடிவைப் பார்த்துவிட்டு விதியைத் தீர்மானிக்கும் இடம் வந்தால் இதே நிலைதான்.

தேநீரையே உதாரணமாகக் கொள்ளலாம். தேநீர் அதற்கு நல்லது, இதற்கு நல்லது என்று பத்திரிகையில் வரும் செய்திகளில் பல எலிகளில் தொடங்கியவை. லிப்டன் தேயிலையை விற்றுவந்த யூனிலீவர் நிறுவனமே 2011 வரை தேயிலைக்காக விலங்குகளில் சோதனை செய்து, பிறகு நிறுத்துவதாக அறிவித்தது. ஓர் ஆய்வாளர் எலிகளுக்குத் தேயிலைச் சாயம் கொடுத்து இரத்தச் சர்க்கரை, கொழுப்பு, எடை, தூக்கம், ஈரல், இதயத் துடிப்பு என்று 20 விடயங்களை அளக்கிறார் என்று வைப்போம். தேநீருக்கு உண்மையில் எந்தப் பலனும் இல்லாவிட்டாலும், நூற்றுக்கு ஐந்து என்ற வழக்கமான எல்லையை வைத்துப் பார்த்தால், அந்த 20இல் ஏதாவது ஒன்றில் தற்செயலாகப் "பலன்" தெரிவதற்கான வாய்ப்பு, அளவைகள் ஒன்றையொன்று சாராதவை என்றால், 64 வீதம். அந்த ஒன்றை மட்டும் எடுத்துக் கட்டுரை எழுதினால் வாசிக்கிறவருக்குப் பெரிய கண்டுபிடிப்பாகத் தெரியும். ஆய்வாளர் பொய் சொல்லவில்லை. அளந்தது உண்மை, எலி உண்மை, எண் உண்மை. மற்ற 19ஐப் பற்றிய பேச்சுத்தான் காணாமல் போய்விட்டது. முன்பதிவில் "நாங்கள் பார்க்கப் போவது இரத்தச் சர்க்கரையை" என்று எழுதியிருந்தால், பிறகு தூக்கத்தைப் பற்றி எழுதும்போது அது இடையில் தென்பட்ட ஒன்று என்பது எவருக்கும் விளங்கும்.

மனிதர்களில் செய்யும் ஆய்வுகளில் இந்த வேறுபாட்டைக் கண்ணால் பார்த்தாயிற்று. அமெரிக்காவின் தேசிய இதய, நுரையீரல், இரத்த நிறுவனத்தின் பணத்தில் நடந்த பெரிய இதயநோய் ஆய்வுகளை இருவர் தொகுத்து 2015இல் வெளியிட்டார்கள். 2000ஆம் ஆண்டுக்கு முன் வெளியான 30 ஆய்வுகளில் 17 "சிகிச்சை பலன் தந்தது" என்றன. 2000க்குப் பிறகு வெளியான 25இல் அப்படிச் சொன்னவை 2 மட்டுமே. அந்த ஆண்டில்தான் முன்பதிவு நடைமுறைக்கு வந்தது. வேறு காரணங்களும் கலந்திருக்கலாம். ஆனாலும் 17இலிருந்து 2க்கு விழுந்ததைப் பார்த்த பிறகு, முன்பதிவு வெறும் காகித வேலை என்று சொல்ல எனக்கு மனம் வராது.

ரவுண்டப் கொடுத்த எலிகளுக்குப் பெரிய பெரிய கட்டி வந்ததைப் படத்தில் பார்த்தேனே. அது பொய்யா?

படம் பொய் இல்லை. கிளைபோசேட் கலந்த மருந்தின் வணிகப் பெயர்தான் ரவுண்டப். பிரான்ஸின் கான் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜில்-எரிக் செராலினியும் அவர் குழுவினரும் 2012 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வில் வந்த படங்கள் அவை. 200 எலிகள், இரண்டு ஆண்டுகள். ரவுண்டப்பைத் தாங்கும்படி மரபணு மாற்றிய சோளத்தைச் சிலவற்றுக்கும், தண்ணீரில் கலந்த ரவுண்டப்பைச் சிலவற்றுக்கும் கொடுத்தார்கள். கட்டிகளோடு நின்ற எலிகளின் படம் உலகமெங்கும் பரவியது. 2013 நவம்பரில், கட்டுரையை வெளியிட்டிருந்த சஞ்சிகை அதை மீளப் பெற்றுக்கொண்டது. மோசடி நடந்ததாகச் சஞ்சிகை சொல்லவில்லை. இந்தத் தரவை வைத்து முடிவுக்கு வர இயலாது என்பதே அது சொன்ன காரணம். 2014இல் வேறொரு சஞ்சிகை அதைத் திரும்ப வெளியிட்டது.

சிக்கல் எண்ணிக்கையில் இருந்தது. ஒவ்வொரு தொகுதியிலும் ஆண் 10, பெண் 10. எதுவும் கொடுக்காமல் ஒப்பிட்டுப் பார்க்க வைத்த தொகுதியிலும் அதே அளவுதான். அவர்கள் எடுத்த எலி இனமோ, இரண்டு ஆண்டு வளர்ந்தால் எந்த மருந்தும் இல்லாமலேயே கட்டி பரவலாக வரும் இனம். புற்றுநோய் பற்றி முடிவு சொல்லும் ஆய்வுக்கு ஒவ்வொரு தொகுதியிலும் ஆணில் 50, பெண்ணில் 50 வேண்டும் என்கின்றன சர்வதேச வழிகாட்டல்கள். செராலினி தரப்பு இதற்குச் சொன்ன பதில், தங்கள் ஆய்வு நீண்டகால நச்சுத்தன்மையைப் பார்க்க அமைத்தது, புற்றுநோயைப் பார்க்க அமைத்ததல்ல என்பது. அப்படியென்றால் கட்டிகளின் படம் முன்னுக்கு வந்தது ஏன் என்று எதிர்த் தரப்பு கேட்டது. ஆய்வு தொடங்குமுன் அதன் நோக்கத்தையும் முதன்மை அளவையையும் பொதுப் பதிவேட்டில் எழுதியிருந்தால் இந்த விவாதத்துக்கே இடமில்லை. எலி வாங்குமுன்பே, "பத்து போதாது, கூட்டுங்கள்" என்று யாராவது சொல்லியும் இருக்கலாம். 200 உயிர்கள் போயின, இரண்டு ஆண்டு போனது, பெருந்தொகைப் பணம் போனது. கடைசியில் இரண்டு தரப்பும் தொடங்கிய இடத்திலேயே நின்றன. எனக்கு இதில் மிகவும் வருத்தம் தருவது அதுதான்.

பிறகு ஐரோப்பிய ஒன்றியத்தின் பணத்தில் அதே சோளத்தை இரண்டு ஆண்டுகள் எலிகளுக்குக் கொடுத்துத் திரும்ப ஆராய்ந்தார்கள். இந்தத் தடவை ஆய்வுத் திட்டத்தை முன்கூட்டியே பொதுவில் வைத்து, ஆதரவாளர், எதிர்ப்பாளர் எல்லோருடைய கருத்தையும் கேட்ட பிறகே தொடங்கினார்கள். அந்தச் சோளத்தால் தீங்கு தெரியவில்லை என்று 2018இல் முடிவு வந்தது. தண்ணீரில் கலந்த ரவுண்டப் அந்த ஆய்வில் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அப்படியென்றால் கிளைபோசேட் புற்றுநோய் தராது என்று எடுத்துக்கொள்ளலாமா?

அவ்வளவு சுலபமில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2015 மார்ச்சில், மனிதருக்குப் புற்றுநோய் தரும் சாத்தியம் அதிகம் என்று வகைப்படுத்தியது. மனிதர்களில் ஆதாரம் மட்டுப்பட்டது, விலங்குகளில் ஆதாரம் போதுமானது என்றது. அதே ஆண்டு நவம்பரில் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை, புற்றுநோய் தரும் சாத்தியம் குறைவு என்றது. இரண்டு தரப்பும் பார்த்த சுண்டெலி ஆய்வுகளில் சில ஒன்றே. நிறுவனங்களின் அறிக்கைகளில், மருந்து கொடுத்த ஒவ்வொரு தொகுதியையும் கொடுக்காத தொகுதியோடு தனித்தனியாக ஒப்பிட்டிருந்தார்கள். புற்றுநோய் முகவரகம், மருந்தின் அளவு கூடக்கூடக் கட்டியும் கூடுகிறதா என்ற போக்கைக் கணக்கிட்டது. சுண்டெலி அதே சுண்டெலி, கணக்கு மட்டும் வேறு. எந்தக் கணக்கில் முடிவு காண்போம் என்பதை முதலிலேயே எல்லோரும் பார்க்க எழுதி வைப்பதன் பெறுமதி இங்கே தெரிகிறது.

முதலில் சொன்ன சிறுநீரக அச்சம், அதாவது ராஜரட்டைச் சிறுநீரக நோய் பற்றிய பேச்சு, இதிலிருந்து வேறு. கிளைபோசேட், கடின நீர், உலோகங்கள் மூன்றையும் அந்நோயோடு தொடர்புபடுத்தி இலங்கை ஆய்வாளர்கள் சிலர் 2014இல் எழுதிய கட்டுரை ஒரு கருதுகோளை முன்வைத்தது. கருதுகோள் என்றால் இனிமேல்தான் சோதிக்க வேண்டும் என்று பொருள். சோதித்து முடிந்தது போல அது ஊருக்குள் பேசப்பட்டதுதான் தவறு.

ஐரோப்பியச் சட்டம் என்ன சொல்கிறது?

கிளைபோசேட்டைத் தடை செய்யக் கோரி ஐரோப்பாவில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்ட மனு 2017இல் கொடுக்கப்பட்டது. ஒன்றியம் தடை செய்யவில்லை. ஆனால் நிறுவனங்களின் ஆய்வுகள் மூடிய அறைக்குள் நடக்கின்றன என்ற குறையை ஏற்றுக்கொண்டது. 2019இல் சட்டம் வந்தது, 2021 மார்ச் 27 முதல் நடைமுறையில் இருக்கிறது. விண்ணப்பத்துக்காகச் செய்யும் ஆய்வை, தொடங்குவதற்கு முன்பே உணவுப் பாதுகாப்பு அதிகாரசபைக்கு அறிவிக்க வேண்டும். செய்யச் சொல்லும் நிறுவனமும் அறிவிக்க வேண்டும், செய்கிற ஆய்வுகூடமும் அறிவிக்க வேண்டும். தக்க காரணமில்லாமல் அறிவிக்காத ஆய்வைச் சேர்த்தால் விண்ணப்பம் செல்லாது. அறிவித்துவிட்டு, முடிவு பிடிக்கவில்லை என்று சேர்க்காமல் விட்டாலும் அதே கதி. மிக முக்கியமான பகுதி இந்தப் பிந்தியதுதான். சாதகமில்லாத ஆய்வை அலுமாரிக்குள் பூட்டிவைக்கும் வழி அடைபடுகிறது.

எலி ஆய்வு பிழைத்தால் எலிக்குத்தான் நட்டம். மனிதருக்கு என்ன?

தசைகளை இயக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்து, சில ஆண்டுகளில் ஆளை முடக்கும் நோய் ஒன்று உண்டு. அமெரிக்காவில் லூ கெரிக் என்ற பேஸ்போல் வீரரின் பெயரால் அதை அழைப்பார்கள். மினோசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரை அந்த நோய் கொண்ட சுண்டெலிகளின் ஆயுளைக் கூட்டியதாகப் பல ஆய்வுகள் சொல்லின. அதை நம்பி 412 நோயாளிகளில் சோதித்தார்கள். 2007இல் முடிவு வந்தது. மாத்திரை உட்கொண்டவர்கள், உட்கொள்ளாதவர்களை விட 25 வீதம் வேகமாக நலிந்திருந்தார்கள். அடுத்த ஆண்டு அமெரிக்க நிறுவனம் ஒன்று, அதே இனச் சுண்டெலிகளில் எழுபதுக்கும் மேற்பட்ட மருந்துகளைப் போதிய எண்ணிக்கையோடும் ஒழுங்கோடும் சோதித்த விபரத்தை வெளியிட்டது. சுமார் 18,000 சுண்டெலிகள். மினோசைக்ளின் உட்பட எதுவும் வேலை செய்யவில்லை. முன்னைய ஆய்வுகளில் தெரிந்த பலன், சிறிய தொகுதிகளில் தற்செயலாகத் தோன்றியதாக இருக்கும் என்பது அவர்களின் முடிவு.

சாகப்போகும் ஒரு மனிதர் கடைசி நம்பிக்கையாக ஒரு மாத்திரையை விழுங்குகிறார். அது அவரை இன்னும் சீக்கிரம் வீழ்த்துகிறது. அதன் தொடக்கம் யாரும் சரியாகத் திட்டம் எழுதாத ஒரு சுண்டெலிக் கூட்டில் இருந்தது.

இதனால் விலங்குகளுக்கு ஏதாவது நன்மை உண்டா? அவை எப்படியும் சாகத்தானே போகின்றன?

உண்டு. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழக வைத்தியசாலையில் அனுமதி பெற்ற விலங்காய்வுத் திட்டங்களைப் பின்தொடர்ந்து பார்த்தபோது, பயன்பட்ட விலங்குகளில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு மட்டுமே பின்னர் வெளியான கட்டுரைகளில் இடம்பெற்றிருந்தன. மற்றவை என்ன ஆயின என்பது வெளியுலகுக்குத் தெரியவில்லை. ஒரு விலங்கு செத்தும் அதனால் ஒருவரும் ஒன்றும் அறிந்துகொள்ளவில்லை என்றால் அந்தச் சாவுக்கு என்ன சமாதானம் சொல்வது? அதைவிட மோசம், பலனில்லை என்று ஓரிடத்தில் தெரிந்த ஒன்றை, தெரியாமல் இன்னோரிடத்தில் திரும்பச் செய்வார்கள். மீண்டும் எலிகள் போகும்.

பக்கவாதம் பற்றிய விலங்காய்வுகளில் 525 கட்டுரைகளை எடுத்துப் பார்த்த குழு ஒன்று 2010இல் எழுதியது: பலனே தெரியவில்லை என்று சொன்ன கட்டுரைகள் 2 வீதம் மட்டும். அவ்வளவு மருந்தும் விலங்குகளில் வேலை செய்திருந்தால் இன்று பக்கவாதத்தைக் கண்டு யாரும் அஞ்ச வேண்டியிருக்காது. வெளிவராமல் போனவற்றையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தால், மருந்துகளின் பலன் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஊதிக் காட்டப்பட்டிருந்தது தெரிந்தது.

ஒரு விடயத்தை மறைக்கக் கூடாது. முன்பதிவு செய்து ஒழுங்காகச் செய்யும் ஓர் ஆய்வில் விலங்குகளின் எண்ணிக்கை சிலவேளை கூடும், குறையாது. பத்து போதாது என்றால் ஐம்பது வேண்டும். விலங்குகள் மேல் அன்புள்ளவர்களுக்கு இது கசக்கும். ஆனாலும் எதையும் சொல்லாத பத்து எலி ஆய்வுகளை விட, விடை தரும் ஓர் ஆய்வில் மொத்தத்தில் குறைந்த உயிர்களே போகும்.

எதிர்பாராமல் கிடைக்கும் கண்டுபிடிப்புகளை இது கெடுத்துவிடாதா?

சோறு உண்ணும் நாம் மறக்கக் கூடாத ஒரு கதை இதற்குப் பதில். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஜாவாவில் கிறிஸ்தியான் எய்க்மன் என்ற ஒல்லாந்து வைத்தியர் பெரிபெரி நோய்க்குக் கிருமி தேடிக்கொண்டிருந்தார். அவருடைய ஆய்வுகூடத்துக் கோழிகள் கால் தளர்ந்து விழுந்தன. சில மாதங்களில் தாமாகவே தேறின. விசாரித்தால், இராணுவ வைத்தியசாலைச் சமையலறையில் மிஞ்சிய தீட்டிய அரிசிச் சோற்றைக் கோழிகளுக்குப் போட்டு வந்திருக்கிறார்கள். புதிதாக வந்த சமையற்காரர், இராணுவச் சோற்றை வெளிக் கோழிகளுக்குத் தரமாட்டேன் என்று நிறுத்தியதும் அவை குணமாகின. எய்க்மன் தேடியது வேறு, கிடைத்தது வேறு. எந்தத் திட்டத்திலும் அந்தச் சமையற்காரர் இல்லை.

அதற்குப் பிறகு நடந்தது முக்கியமானது. தற்செயலாகக் கண்டதை அவர் அப்படியே முடிவாக்கவில்லை. தீட்டிய அரிசி ஒரு தொகுதிக்கு, தவிட்டு அரிசி இன்னொன்றுக்கு என்று கோழிகளில் திரும்பச் சோதித்தார். அவருடைய நண்பர் ஃபோர்டர்மன் ஜாவாவின் 101 சிறைகளில் எந்த அரிசி உண்ணும் கைதிகளுக்குப் பெரிபெரி வருகிறது என்று கணக்கெடுத்தார். அதன் பிறகே விடயம் உறுதியானது. எய்க்மனுக்கு 1929இல் நோபல் பரிசும் கிடைத்தது. முன்பதிவு கேட்பதும் இதைத்தான். புதிதாக ஒன்று கண்ணில் பட்டால் தாராளமாக எழுதுங்கள், தேடும்போது தென்பட்டது என்று சொல்லியே எழுதுங்கள். பிறகு தனியாகத் திட்டமிட்டுச் சோதியுங்கள். தேடிப்பார்க்கும் ஆய்வா, உறுதிசெய்யும் ஆய்வா என்று குறிக்க ஜெர்மன் பதிவேட்டிலேயே இடம் உண்டு.

முன்கூட்டியே வெளியில் சொன்னால் யோசனையைத் திருடிவிட மாட்டார்களா?

பதிந்ததை ஐந்து ஆண்டு வரை மூடி வைத்திருக்க ஜெர்மன் பதிவேடு அனுமதிக்கிறது. திகதி மட்டும் உறுதியாக நிற்கும். யோசனை முதலில் யாருடையது என்ற வழக்கு வந்தால் அந்தத் திகதியே பதிந்தவருக்குச் சாட்சி.

இனி மோசடியே நடக்காதா?

நடக்கலாம். அமெரிக்காவில் இன்டஸ்ட்ரியல் பயோ-டெஸ்ட் என்ற பெரிய ஆய்வுகூடம், பீடைகொல்லிகள் உட்பட நூற்றுக்கணக்கான பொருட்களை விலங்குகளில் சோதித்ததாக அறிக்கை கொடுத்து வந்தது. 1976இல் அரசாங்க அதிகாரிகள் உள்ளே போய்ப் பார்த்தபோது, செத்த எலிகளுக்குப் பதில் புதிய எலிகளை வைத்ததும் செய்யாத சோதனைக்கு எண் எழுதியதும் அம்பலமாயின. 1983இல் மூன்று அதிகாரிகள் குற்றவாளிகளாகக் காணப்பட்டார்கள். ஆய்வுகூட நடைமுறை விதிகள் பிறந்ததற்கு இதுவும் ஒரு காரணம். கையெழுத்திட்ட ஆய்வுத் திட்டம் முதலிலேயே இருக்க வேண்டும் என்று அந்த விதிகளும் சொல்கின்றன. ஆனால் அந்தத் திட்டம் நிறுவனத்தின் கோப்புக்குள் கிடக்கும், பொதுமக்கள் பார்க்க முடியாது. எண்ணையே புனைகிற ஒருவரைப் பதிவேடு மட்டும் தடுக்காது. அதற்குச் சோதனை அதிகாரி வேண்டும், மூலத்தரவைத் திறந்து காட்டும் கடமை வேண்டும். நல்ல மனதோடு தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ளும் ஆய்வாளருக்கே முன்பதிவு மருந்து. அப்படிப்பட்டவர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம்.

நம் நாட்டில் என்ன நிலை?

மனிதர்களில் செய்யும் மருந்து ஆய்வுகளில் நாம் பின்தங்கவில்லை. இலங்கை மருத்துவச் சங்கம் 2006இலேயே அதற்கான பதிவேட்டைத் தொடங்கிவிட்டது. இந்தியாவின் பதிவேடு அடுத்த ஆண்டுதான் வந்தது. உலக சுகாதார நிறுவனம் நம் பதிவேட்டை முதன்மைப் பதிவேடுகளில் ஒன்றாக ஏற்றிருக்கிறது. விலங்காய்வுக்கு வந்தால், பல்கலைக்கழக அறநெறிக் குழுக்கள் திட்டத்தைப் பரிசீலித்து அனுமதி தருகின்றன. அந்தத் திட்டம் குழுவின் கோப்போடு நின்றுவிடுகிறது. பிறகு வெளியாகும் கட்டுரையை அதோடு ஒப்பிட்டுப் பார்க்க வெளியில் இருப்பவருக்கு வழியில்லை. விலங்காய்வை எப்படி எழுத வேண்டும் என்று உலகச் சஞ்சிகைகள் ஏற்றுக்கொண்ட வழிகாட்டலின் 2020ஆம் ஆண்டுப் பதிப்பு, திட்டத்தைப் பதிந்தீர்களா, எங்கே என்று கேட்கிறது. ஆகவே நம் ஆய்வாளர்களும் இன்றோ நாளையோ இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

எலி, சுண்டெலி மட்டுமென்று நினைக்க வேண்டாம். அம்பேவளைப் பண்ணையிலோ, லயத்துக்குப் பின்னால் பட்டி கட்டி இரண்டு மாடு வளர்க்கும் வீட்டிலோ, புதிய தீவனத்தால் பால் கூடுகிறதா, மடி வீங்கும் நோய்க்கு எந்த மருந்து நல்லது என்று பார்க்கும் ஆய்வுக்கும் இதே ஒழுங்கு பொருந்தும். கடனுக்குத் தீவனம் வாங்கும் குடும்பத்துக்கு, தற்செயலாக வந்த ஓர் எண்ணைக் காட்டி விற்பது பெரிய அநியாயம்.

சாதாரண வாசகன் நான் என்ன செய்ய முடியும்?

"எலிகளில் நிரூபணம்" என்று செய்தி வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை விலங்கு? எதைப் பார்ப்போம் என்று முன்பே எழுதினார்களா, அதன் பதிவு இலக்கம் என்ன? வேறு யாராவது திரும்பச் செய்து பார்த்தார்களா? செய்தி எழுதுகிறவர்களும் அந்த இலக்கத்தைக் கேட்டு வாங்கிப் போட வேண்டும். நுவரெலியாப் பாடசாலைகளிலிருந்து உயிரியல் படித்துப் பேராதனை மிருகவைத்திய பீடத்துக்கும் விவசாய பீடத்துக்கும் போகும் நம் பிள்ளைகள், தங்கள் முதல் ஆய்வையே பதிந்துவிட்டுத் தொடங்கலாம். எந்தச் சட்டமும் அதைத் தடுக்கவில்லை. பணமும் செலவில்லை.

எல்லாவற்றையும் விடப் பீடைகொல்லிப் பதிவாளர் அலுவலகத்திடம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. புதிய மருந்துக்கு விண்ணப்பிக்கும் நிறுவனத்திடம், இணைத்திருக்கும் ஒவ்வொரு விலங்காய்வும் தொடங்குமுன் எங்கே பதியப்பட்டது என்று கேளுங்கள். ஐரோப்பாவில் அறிவித்துத் தொடங்கிய ஆய்வு என்றால் அந்த விபரம் அவர்கள் கையிலேயே இருக்கும். அதை இங்கேயும் காட்டச் சொல்வதற்குப் புதிய ஆய்வுகூடம் எதுவும் தேவையில்லை. மரக்கறிக் கமக்காரர் சங்கங்களும் தோட்டத் தொழிற்சங்கங்களும் சம்பளப் பேச்சுக்குக் கொழும்பு போகும்போது, மருந்தடிக்கும் தொழிலாளியின் பெயரால் இந்தக் கோரிக்கையையும் எழுத்தில் கொடுக்க வேண்டும்.